பச்சைக் கீரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை கூடிவிட்டது, எடை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும். இரவு இட்லியை நிறுத்திவிட்டு ஒரு பெரிய கிண்ணம் சாலட்டுக்கு மாறிவிடுகிறோம். லெட்யூஸ், பச்சைப் பாலக்கீரை, சீவிய முட்டைக்கோஸ், மேலே வட்ட வட்டமாக வெங்காயம். இரண்டு மூன்று நாளில் வயிறு மத்தளமாகிவிடுகிறது. உடம்புக்கு நல்லது என்றார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது. அப்படிக் குழம்பியவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை.

சமைத்த கீரை ஒன்றும் செய்வதில்லை. பச்சையாகச் சாப்பிட்டால் மட்டும் வயிறு உப்புகிறது. இது நோயா?

பெரும்பாலும் இல்லை. இலையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி செல்லுலோஸ் என்ற நாராலான சுவர் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனித உடலில் சுரப்பதே இல்லை. சொல்லப்போனால் மாட்டுக்கும் அது கிடையாது. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன. நமக்கு அத்தகைய நுண்ணுயிர்கள் இருப்பது பெருங்குடலில், பாதையின் கடைசிப் பகுதியில். அங்கே போய்ச் சேரும் நாரில் ஒரு பகுதியை அவை நொதிக்கவைக்கின்றன. அப்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலரிடம் மீத்தேனும் உண்டாகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான் இது. சிலருக்குத் தெரிவதே இல்லை, சிலருக்கு வேட்டி முடிச்சைத் தளர்த்த வேண்டியிருக்கிறது.

அடுப்பில் வைத்தவுடன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகிவிடுகிறது, சுவர் தளர்கிறது. செல்லுலோஸ் அப்படியேதான் இருக்கும், ஆனாலும் கட்டுக்கோப்பு குலைந்துவிடுகிறது. பிறகு மத்தால் கடைந்தால் இரைப்பை செய்யவேண்டிய வேலையில் பாதி சட்டியிலேயே முடிந்துவிடுகிறது. சமைத்த கீரை ஒத்துக்கொண்டு பச்சைக் கீரை மட்டும் தொந்தரவு கொடுத்தால் உங்கள் குடலில் கோளாறு தேடி அலையவேண்டிய அவசியம் அநேகமாக இல்லை.

நார்ச்சத்து அதிகம் என்பதுதானே காரணம்?

அளவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 100 கிராம் பாலக்கீரையில் நார்ச்சத்து இரண்டு முதல் இரண்டரை கிராம்தான். லெட்யூஸில் 95 விழுக்காடு தண்ணீர். நார் பாலக்கீரையைவிடக் குறைவு. அதே அளவு வேகவைத்த கொண்டைக்கடலையில் ஏழு கிராமுக்கு மேல் இருக்கிறது. நான்கு பேர் வீட்டில் ஒரு கட்டு அரைக்கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடும்போது, சாலட் கிண்ணத்தில் கிடைப்பதற்குக் குறையாத நாரை ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே தள்ளிவிடுகிறோம்.

எனவே தொல்லை நாரின் அளவில் இல்லை, இலை இருக்கும் வடிவத்தில் இருக்கிறது. இரைப்பையின் கீழ்வாசல் மிகக் குறுகலான சல்லடை. திட உணவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்ட பிறகே சிறுகுடலுக்குள் இறங்கும். சோறும் பருப்பும் எளிதில் கூழாகிவிடும். தட்டையான, வழுக்கும் இலைத் துண்டு அரைபடாமல் நழுவிக்கொண்டே இருக்கும். அப்படி மிஞ்சியதை, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் சுமார் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் ஒரு துப்புரவு அலைதான் கீழே தள்ளுகிறது. இடையில் எதையாவது தின்றால் அந்த அலை நின்றுவிடும். மதியம் சாலட், மூன்று மணிக்கு டீயும் பிஸ்கட்டும், நான்கரைக்கு ஒரு கைப்பிடி மிக்சர் என்று வாய் ஓயாதவர்களுக்கு மாலை வரை மேல்வயிறு கனமாக இருப்பதில் வியப்பில்லை.

எதனால் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடிகாரத்தைப் பாருங்கள். பரிசோதனைக்கூடத்துக்குப் போவதற்கு முன் இதுதான் முதல் வேலை.

சாப்பிட்ட சில நிமிடங்களில் வாயும் தொண்டையும் அரித்தால், உதடு தடித்தால், அது ஒவ்வாமையின் பக்கம். அரை மணிக்குள் வயிறு நிரம்பிப் புடைத்ததுபோல் இருந்தால் இலையின் கொள்ளளவும் அவசரமாக விழுங்கிய காற்றும் காரணமாகலாம். உண்டவுடனே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தால், அப்போது வெளியேறுவது நேற்றைய உணவு. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும் இயல்பான அனிச்சை சிலரிடம் கூடுதலாக வேலை செய்கிறது. சாப்பிட்டது உடனே வெளியே வந்துவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தொடங்கி, ஐந்தாறு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும் வாயுவும் இரைச்சலும் நொதித்தலால் வருபவை. அன்றிரவோ இரண்டொரு நாளிலோ காய்ச்சலுடன் வயிற்றுப்போக்கு வந்தால் இலையை விட்டுவிட்டு, அதில் ஒட்டிவந்த கிருமியைச் சந்தேகியுங்கள்.

உண்மையிலேயே கீரைதான் குற்றவாளியா?

பல நேரம் இல்லை. சாலட் கிண்ணத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

கடையில் வாங்கும் ஒரு சாலட்டை எடுத்துக்கொள்வோம். அடியில் லெட்யூஸ், பாலக்கீரை. மேலே பச்சை வெங்காயம், வேகவைத்த கொண்டைக்கடலை, ஆப்பிள் துண்டுகள், நாலைந்து முந்திரி. ஊற்றிக்கொள்ளத் தேனும் பூண்டும் கலந்த ஒரு கலவை. இதில் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைய இருக்கிறது. மனிதச் சிறுகுடலால் அதை உடைக்கவே முடியாது. கொண்டைக்கடலையிலும் முந்திரியிலும் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு வகை. ஆப்பிளில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும், குளுக்கோஸை மிஞ்சிய ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையும். தேனிலும் ஃப்ரக்டோஸ்தான் தூக்கல். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் ஃபோட்மேப் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, குடல் எரிச்சல் உள்ளவர்களுக்குக் குறைக்கச் சொல்கிறார்கள். அவர்களுடைய பட்டியலில் லெட்யூஸும் வழக்கமான அளவு பாலக்கீரையும் பச்சை விளக்கு பெற்றவை!

ஆக, கிண்ணத்தில் இருப்பவற்றில் ஏறக்குறைய நிரபராதி இலைதான். பழி மட்டும் அதன் தலையில். சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டு மூன்று நாள் வெறும் லெட்யூஸ், வெள்ளரிக்காய், உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் நல்லெண்ணெய் என்று சாப்பிடுங்கள். வயிறு அமைதியாக இருந்தால் வெங்காயத்தை மட்டும் சேருங்கள். அடுத்து கடலையை மட்டும். எது வந்தபோது இரைச்சல் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூண்டு மணம் இல்லாமல் இறங்காது என்பவர்கள், எண்ணெயில் பூண்டைப் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயை ஊற்றிக்கொள்ளலாம். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது.

முட்டைக்கோஸ் மட்டும் சற்றுத் தனி ரகம். அதில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரையும் கந்தகச் சேர்மங்களும் உண்டு. ஒரு கைப்பிடி பரவாயில்லை. கிண்ணம் கிண்ணமாகக் கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட்டைச் சாப்பிட்டால் வாயுவோடு வாடையும் வரும்.

சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கியபோதே சாலட்டும் தொடங்கினேன். எதைக் குறை சொல்வது?

நம் ஊரில் மிகவும் கேட்கப்பட வேண்டிய, ஆனால் யாரும் கேட்காத கேள்வி இது. மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் வாரங்களில் வயிற்று உப்புசம், குமட்டல், பேதி வருவது மிகச் சாதாரணம். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகளோ, மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவதற்கென்றே உண்டானவை. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய் நொதித்தால் வாயு வராமல் என்ன செய்யும்? எடைக்குறைப்புக்காக இப்போது பலர் போட்டுக்கொள்ளும் செமாகுளுடைட் ஊசி, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. அதன்மேல் ஒரு கிண்ணம் பச்சை இலை விழுந்தால் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும்.

நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாலட்டை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். தொந்தரவு தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை உணவோடு எடுப்பது, அளவைப் படிப்படியாகக் கூட்டுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது என்று அவரிடம் வழிகள் இருக்கின்றன.

கீரை ஒவ்வாமை என்று ஒன்று உண்டா?

உண்டு, ஆனால் அபூர்வம். லெட்யூஸில் உள்ள ஒருவகைப் புரதத்துக்கு ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. அது சமைத்தாலும் அழியாத புரதம். வாய் அரிப்பு, உடல் தடிப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்று வந்தால் உப்புசத்தோடு சேர்த்து அலட்சியமாக விட்டுவிடாமல் ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

சேம்பு இலையோ கிழங்கோ சரியாக வேகாமல் தொண்டை அரிப்பது வேறு கதை. அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் குத்துவதால் வருவது. யாருக்கும் வரும்.

ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளந்து, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத உணவு நூறைப் பட்டியல் போட்டுத் தரும் ரத்தப் பரிசோதனைகள் இப்போது ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படுகின்றன. ஒவ்வாமை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் அவற்றை ஏற்பதில்லை. ஓர் உணவை நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் ஐஜிஜி பெரும்பாலும் காட்டுகிறது. அந்தப் பணத்துக்கு ஓராண்டுக்கான கீரை வாங்கலாம்.

மலத்தில் இலைத் துண்டுகள் அப்படியே வருகின்றன. செரிமானமே ஆகவில்லையா?

இலையின் நார் அப்படித்தான் வரும். மற்ற உணவு செரித்துவிட்டது. பச்சை நிறமும் இலையின் நிறம்தான். எடை குறையாமல், மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்காமல் இருந்தால் கவலை வேண்டாம். கொஞ்சம் நிதானமாக மெல்லுங்கள்.

எனக்கு ஐபிஎஸ் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். பச்சைக் கீரையை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

வயிற்றுவலி வாரத்துக்கு ஒருநாளாவது வந்து, மலம் கழிப்பதோடு கூடியோ குறைந்தோ, மலத்தின் தன்மையும் எண்ணிக்கையும் மாறி, இது மூன்று மாதமாவது நீடித்தால் அதைக் குடல் எரிச்சல் நோய், அதாவது ஐபிஎஸ் என்கிறார்கள். இவர்களில் பலருடைய குடலில் மற்றவர்களைவிட அதிகமாக வாயு உண்டாவதில்லை. அதே அளவு வாயுவைக் குடல் நரம்புகள் வலியாக உணர்கின்றன. பார்சிலோனாவில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: வயிறு புடைக்கும்போது சிலருக்கு உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றின் முன்சுவர் தளர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம்தான், வெளியே தெரியும் வயிறு பெரியது. "ஆறு மாதக் கர்ப்பிணி போல் ஆகிவிடுகிறது" என்று பெண்கள் சொல்வதை வீட்டிலுள்ளவர்கள் மிகை என்று தள்ளிவிடுகிறார்கள். அளந்து பார்த்த உண்மை அது.

அடியோடு விட வேண்டியதில்லை. சீறி எழும் நாட்களில் வெந்தது மட்டும். அமைதியான நாட்களில் ஒரு பிடி லெட்யூஸ். வெங்காயத்தையும் பூண்டையும் முதலில் கவனியுங்கள். ஃபோட்மேப் குறைந்த உணவை இரண்டு முதல் ஆறு வாரம் கடைப்பிடித்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதையே பிடித்துக்கொண்டு தொங்குபவர்கள் குடலுக்குத் தேவையான நாரையும் இழந்துவிடுகிறார்கள். உணவியல் நிபுணரின் துணையோடு செய்வது நல்லது.

எப்போது மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்?

காரணமின்றி எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், தூக்கத்தைக் கெடுத்து எழுப்பும் வலியோ பேதியோ வந்தால், மாலைக் காய்ச்சல் தொடர்ந்தால், ரத்தசோகை தெரிந்தால், ஓயாமல் வாந்தி வந்தால், 50 வயதுக்கு மேல் புதிதாக மலப் பழக்கம் மாறினால், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இருந்தால்.

இன்னோர் அடையாளமும் உண்டு. பச்சை இலையோ சக்கை மிகுந்த உணவோ சாப்பிட்ட பிறகு தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலிக்கும்; வயிற்றில் ஏதோ உருண்டு திரள்வதுபோல் தெரியும்; பிறகு 'கடமுட' என்ற சத்தத்தோடு வலி விட்டுவிடும். குடலின் ஓரிடத்தில் பாதை சுருங்கியிருந்தால் இப்படி ஆகும். நம் நாட்டில் குடல் காசநோய் சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. கிரோன் என்ற குடல் அழற்சி நோயும் அதே இடத்தில் வரும். வயிற்று அறுவைசிகிச்சை செய்தவர்களுக்குக் குடல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவர்கள் பச்சை இலை சாப்பிட்டுச் சோதித்துப் பார்க்கவே கூடாது. அடைப்பு ஏற்பட்டு அவசரப் பிரிவில் போய் நிற்க நேரிடும்.

அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. நான்கு வாய் சாலட் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிட்டது என்கிறார்.

நீண்டகாலச் சர்க்கரை இரைப்பையின் நரம்பைப் பாதிக்கும். அப்போது அரைப்பதும் நடக்காது, முன்பு சொன்ன துப்புரவு அலையும் வராது. முதல்நாள் சாப்பிட்டது மறுநாள் வாந்தியில் வருவதும், சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறாமல் தாமதமாக ஏறுவதும் இதன் அடையாளங்கள். இந்நிலையில் பச்சை இலையும் தோலோடு கூடிய பழங்களும் இரைப்பையிலேயே திரண்டு பந்துபோல் இறுகிவிடக்கூடும். எண்டோஸ்கோப்பி செய்து எடுக்க வேண்டியிருக்கும். அப்பாவுக்குக் குழைய வேகவைத்துக் கடைந்த கீரையைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்கு நல்லது என்று வற்புறுத்தி இலையைத் திணிக்காதீர்கள்.

முட்டைக்கோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்கிறார்களே?

பாதி உண்மை. இலையைத் தின்னும் பச்சைப் புழு மூளைக்குப் போகாது. போவது பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. அந்த முட்டை மனித மலத்திலிருந்து வருவது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களிலும் கழிவுநீர் பாயும் தோட்டங்களிலும் விளையும் எந்தக் கீரையிலும் அது ஒட்டியிருக்கலாம். முட்டைக்கோஸ், கொத்தமல்லி, புதினா எதற்கும் விலக்கு இல்லை. இந்நோய் பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருண்டைப்புழு முட்டை, அமீபா, ஜியார்டியா எல்லாம் வரும் வழியும் இதுதான். "பச்சைக் கீரை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நம் ஊரில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2006இல் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற பாலக்கீரையால் சுமார் 200 பேர் ஈகோலை என்ற குடல் கிருமியின் தொற்றுக்கு ஆளானார்கள். 2018இல் அரிசோனா மாநிலத்தின் யூமா பகுதியில் விளைந்த ரோமைன் லெட்யூஸால் 210 பேர் பாதிக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியின் பாசனக் கால்வாய்த் தண்ணீரில் அதே கிருமி இருந்தது.

கழுவும் முறைக்கு வருவோம். வேரையும் அழுகிய இலையையும் களையுங்கள். கட்டோடு குழாயில் காட்டுவது கழுவுவதாகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, இலையைப் பிரித்துப் போட்டு அலசி, மண் அடியில் தங்கியதும் இலையை மேலாக அள்ளுங்கள். தண்ணீரை வடிகட்டிவிட்டு மறுபடியும். மண் வருவது நிற்கும்வரை செய்து, கடைசியாக ஓடும் குடிநீரில். உப்பு, மஞ்சள், வினிகர் போட்டால் கிருமி குறையும், ஒழியாது. கொதி ஒன்றே ஒழிக்கும். கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வெளியிடங்களில் பச்சை இலையைத் தொடாமலிருப்பது மேல்.

சாறாகக் குடித்தால்? பூங்கா வாசலில் விற்கிறார்களே, அருகம்புல் சாறு.

வடிகட்டிய சாற்றில் நார் இல்லாததால் வயிறு உப்புவது குறையலாம். கிருமி வடிகட்டியில் நிற்காது. அருகம்புல் எங்கே முளைத்தது, எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் வந்தால் குடிக்கலாம்.

பாலக்கீரையைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் பெரிய கோப்பையில் குடிப்பது அதைவிடப் பெரிய தவறு. ஒரு கட்டை மென்று தின்ன யாராலும் முடியாது, குடித்துவிடலாம், அதுதான் அபாயம். பாலக்கீரையில் நிறைய உள்ள ஆக்சலேட் என்ற பொருளில் உடலில் சேரும் பகுதி சிறுநீரகத்துக்குப் போகும். இப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

சமைத்தால் சத்தெல்லாம் போய்விடுமே?

வைட்டமின் சி குறையும், உண்மை. அதை ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ ஈடுகட்டிவிடும். ஃபோலேட் (ஃபோலிக் அமில வகையைச் சேர்ந்த பி வைட்டமின்) தண்ணீரில் கரைந்து வெளியேறும். தண்ணீரைக் கொட்டாவிட்டால் பெரும்பகுதி சட்டியிலேயே இருக்கும். (ஃபோலிக் அமிலத்தை 1941இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தினர் முதன்முதலில் பிரித்தெடுத்ததே நான்கு டன் பாலக்கீரையிலிருந்துதான். பாவம், யார் ஆய்ந்தார்களோ!) இரும்பும் கால்சியமும் சூட்டில் எங்கும் போய்விடாது. கண்ணுக்கு நல்லது என்று நாம் கீரை தின்னும் பீட்டா கரோட்டினோ, வெந்து மசிந்த இலையிலிருந்துதான் அதிகமாக உடலில் சேர்கிறது. எண்ணெய் சிறிதும் இல்லாத சாலட்டிலிருந்து மிகக் குறைவாகவே சேரும்.

நம் வீட்டுக் கடைசலைப் பாருங்கள். கீரைச்சட்டியில் கால் டம்ளர் தண்ணீர், மேலே கோபுரமாக அரைக்கீரை. மூடாமல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் கோபுரம் சரிந்து ஒரு பிடியாக அடங்கிவிடும். வடிப்பது என்ற பேச்சே இல்லை. உப்பு, சீரகம், பூண்டு சேர்த்து மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டி, சோற்றில் பிசைந்தால் நார் நுணுங்கியிருக்கும், ஃபோலேட் தண்ணீரோடு உள்ளே இருக்கும், கரோட்டினுக்கு எண்ணெயும் கிடைத்துவிடும். இதைவிட்டுவிட்டுப் பிளாஸ்டிக் டப்பாவில் குளிர்ந்த இலையை வாங்கி மென்றால்தான் ஆரோக்கியம் என்று யார் சொன்னது? நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனியும் 25 கிராம் நாரும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பச்சையாக என்று அதில் எங்கும் இல்லை.

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் இதே முறைதானா?

இல்லை. கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்கள் பாலக்கீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை போன்றவற்றை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். கூடவே தயிரோ மோரோ சேர்த்தால் அதிலுள்ள கால்சியம், கீரையின் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். கீரையும் தயிரும் சேரக் கூடாது என்ற பேச்சை இவர்கள் காதில் வாங்க வேண்டாம். முட்டைக்கோஸிலும் லெட்யூஸிலும் ஆக்சலேட் குறைவு.

இரவில் கீரை சாப்பிடக் கூடாது என்பது சரியா?

சாப்பிட்டவுடன் படுப்பவர்களுக்குச் சரி. நாருள்ள எந்த உணவும் நிதானமாகவே இறங்கும்; எதுக்களிப்பு உள்ளவர்களுக்குத் தொல்லைதான். ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவருக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் மதியம் சமைத்த கீரையை வெளியிலேயே வைத்திருந்து இரவில் சாப்பிடுவது தவறு. அறைச் சூட்டில் நுண்ணுயிர்கள் கீரையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடும். மிஞ்சினால் உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். கைக்குழந்தைக்கு மிச்சக் கீரை எப்போதும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் எந்தக் கீரையும் வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் கீரையின் வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும். ஒரு வாரம் கூடை கூடையாக, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்காதீர்கள். பச்சையோ வெந்ததோ, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு. திடீரென்று சாலட் உணவுக்கு மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெருங்காயம், ஓமம், செரிமான மாத்திரை பயன்படுமா?

பெருங்காயமும் ஓமமும் சீரகமும் தலைமுறைகளாகப் பழகியவை. பெரிய அளவில் ஆராயப்பட்டவை அல்ல. சமையலளவில் தீங்கில்லை, பலருக்கு இதமாகவும் இருக்கிறது. ஆல்ஃபா காலக்டோசிடேஸ் என்ற நொதி மாத்திரை முட்டைக்கோஸுக்கும் கடலைக்கும் ஓரளவு உதவும். வெங்காயத்தின் ஃப்ரக்டானுக்கு உதவாது. வயிற்றில் அமிலம் குறைவு, அதனால்தான் இலை செரிக்கவில்லை என்று வினிகர் குடிக்கச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். செல்லுலோஸை அமிலம் ஒன்றும் செய்யாது.

எல்லாம் சரி, எனக்குப் பச்சையாகச் சாப்பிடப் பிடித்திருக்கிறது. வழி உண்டா?

உண்டு. இலங்கையில் வல்லாரைச் சம்பல் செய்யும் கையைப் பாருங்கள். கழுவி நீர் வடித்த இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கிச் சுருட்டி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரான கத்தியால் தலைமுடி மொத்தத்துக்கு அரிவார்கள். அதில் துருவிய தேங்காய், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, பிழிந்து கையால் பிசறிவிட, இலை சற்று வாடிச் சுருங்கும். தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் ஓரிரு கரண்டிதான் வைப்பார்கள். இரைப்பை திணறும் பெரிய துண்டு அதில் இல்லை. அளவோ தொடுகறி அளவு. வெங்காயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை விட்டுவிட்டுச் செய்யலாம்.

அதே முறையில் எந்த இளங்கீரையையும் தொடங்கலாம். முதல் வாரம் மதியச் சாப்பாட்டோடு ஒரு மேசைக்கரண்டி. ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் இரண்டு. நடு நரம்பையும் தண்டையும் நீக்கிவிடுங்கள். உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், சோடாவோடு வேண்டாம். நான்கைந்து வாரம் இப்படிப் பார்த்தும் வயிறு முரண்டு பிடித்தால், கத்தியைக் கழுவி வைத்துவிட்டு மத்தை எடுங்கள்.